மதகுக்கு அப்பால்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. நம் ஊர் வாட்ஸ்அப் குழுமத்திலிருந்து எமில்டா என்னும் உறுப்பினர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கப்படாமல் நீக்கப்பட்டார்.

இது அநீதி. நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், மை கொட்டிய பிள்ளையைக்கூட விசாரித்த பின்னரே வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன்.

அவர் செய்த குற்றம், கேள்வி கேட்டது.

சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சங்கக்கடை எந்தப் பக்கம் வரும்? வாசிகசாலைக்கு முன்னால் நின்றது வேம்பா, பூவரசா? அதைத் தாண்டினால் மதகு வரும் என்கிறீர்கள். மதகுக்கு அப்பால் என்ன?

முதலிரண்டு கேள்விகளுக்கும் போட்டி போட்டுக்கொண்டு விடை எழுதினீர்கள். ரொறன்ரோக்காரர் வேம்பென்றும் லண்டன் ஹரோக்காரர் பூவரசென்றும் சண்டையும் பிடித்தீர்கள். மூன்றாவது கேள்வி வந்தபோதுதான் நிர்வாகி யோகராஜாவுக்கு ஐயம் பிறந்தது.

"அண்ணையவை, கவனம். மனுசி காணி அளக்க வெளிக்கிட்டிட்டா!"

அந்த ஐயம் காரணமற்றது என்று சொல்லமாட்டேன். நெடுங்காலம் இராணுவ வேலிக்குள் கிடந்த நம் ஊர் திரும்பக் கிடைத்தபோது, வீதியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, மதகும் இல்லை. செய்மதிப் படத்தில் அது வெறும் பற்றை. எல்லை அழிந்த காணிகளுக்குக் கள்ள உறுதிப்பத்திரம் முடிப்பதற்கென்றே ஆட்கள் அலைகிறார்கள். எமில்டா என்ற பெயரிலோ நம் ஊரில் எவரும் இருந்ததில்லை.

'நீர் ஆருடைய மகள்?' என்று கேட்டீர்கள். அவர் பதில் எழுதவில்லை. 'ஏன் கேட்கிறீர்?' என்று உங்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

அத்தனை பேரிலும் சந்திப்பிழையின்றித் தமிழ் எழுதியவர் அவர் ஒருவரே. எனக்கு மனம் ஆறவில்லை. அவருடைய இலக்கத்துக்கு அழைத்து முகவரி கேட்டேன். தயங்கித் தயங்கித் தந்தார். சனிக்கிழமை பிற்பகல் ரெய்னர்ஸ் லேனில் ரயிலேறி இல்ஃபோர்ட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த எமில்டா மன்னாரில் பிறந்தவர். நம் ஊரை ஒருநாளும் கண்டதில்லை.

அவருக்குப் பின்னால் ஃபிளாட்டின் ஒடுங்கிய நடைவழி. அதன் நடுவே, குளியலறை வாசலில், ஒரு சாய்மனைக் கதிரை. கதிரையருகே மேலங்கியும் சப்பாத்தும் அணிந்து ஒரு முதியவர் நின்றார்.

"எமில், மதகு வந்திட்டுது. இனி எங்காலை போறது?"

அவர் எமில்டாவின் கணவர். மறதி நோய். பொழுதுபடத் தொடங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று புறப்பட்டுவிடுவார். இதுதான் உங்கள் வீடு என்றால் நம்பமாட்டார்; படுக்கையறைக்குள் வரவும் மாட்டார்.

ஆகையால் எமில்டா அவரை ஊருக்கே நடத்திச் செல்கிறார். முன்கதவு, சந்தி. ஹீற்றர், சங்கக்கடை. கோட்டுகள் தொங்கும் கொளுக்கி, வாசிகசாலை வேம்பு. ஆம், வேம்புதான், கணவர் தலையசைத்தார், உங்கள் சண்டை முடிந்தது.

நீங்கள் ஒவ்வொரு விடை எழுதும்போதும் அவர்கள் சிறிது தூரம் முன்னேறினார்கள். அவர் உறங்கும் கதிரையும் கூடவே நகர்ந்தது. செவ்வாய்க்கிழமை முதல் அது குளியலறை வாசலிலேயே நிற்கிறது. இன்னும் சில அடிகளில் படுக்கையறைக் கதவு. அதுதான் அவர் வீட்டுப் படலை.

விடை வராது என்று தெரிந்ததும், எமில்டா தாமாகவே மதகுக்கு அப்பால் ஒரு மாமரத்தை நட்டுப் பார்த்தாராம்.

"இஞ்சை மாமரம் எப்ப வந்தது? என்னை வேறை ஆற்றையோ ஊருக்குக் கூட்டிவந்திட்டாய்" என்று அந்த மனிதர் விம்மி அழுதாராம்.

தெளிவாயிருந்த நாளில், தம் நிலையை ஊரவர் அறியக்கூடாது என்று மனைவியிடம் அவர் வாக்கு வாங்கியிருந்தார். எமில்டா தாம் யார் என்று எழுதாததற்கு அதுவே காரணம்.

நான் அருகில் சென்று, என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

"வழிவிடுங்கோ, அம்மா தேடப்போறா" என்றார். கதவுநிலையில் முட்டிவிடாமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த உயரத்தை நான் அறிவேன்.

யோகராஜா, போன மாதம் நீர் பழைய கரப்பந்தாட்ட அணியின் படத்தைப் போட்டீர். நடுவில் நிற்பவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் கீறி, 'எங்கட லிங்கம் அண்ணை எந்த நாட்டிலை இருக்கிறார், ஆருக்கும் தெரியுமோ?' என்று கேட்டீர். எல்லோரும் இதயக்குறி இட்டீர்கள்.

இல்ஃபோர்ட்டில் இருக்கிறார். மதகடியில் நிற்கிறார்.

படியிறங்கும்போது எமில்டா என் பின்னால் வந்தார். "பேரை எழுதுங்கோ மாஸ்ரர். அவர் என்னை ஏசினால் ஏசட்டும். அவர் வீட்டை போய்ச் சேர்ந்தால் எனக்கு அது காணும்."

ஆகவே எழுதினேன்.

நான் கடற்கரைப் பக்கத்தவன். அந்த ஒழுங்கைக்குள் ஒருநாளும் நடந்ததில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் வழக்கமும் எனக்கில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தவர்கள் உங்களுள் இருக்கிறீர்கள். முதலில் எமில்டாவைக் குழுமத்தில் மீளச் சேருங்கள். பிறகு சொல்லுங்கள், மதகுக்கு அப்பால் என்ன இருந்தது? பனையா, கிணறா, யார் வீட்டு வேலி?

பொழுதுபடுமுன் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன்.