ஜெர்மன் டிக்கி

"இது காரா ஜேம்ஸ்? முன்னாடி ராஜகுமாரன். பின்னாடி எவனோ இட்லிக் கொப்பரை மூடியைக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டான்."

கார் பத்திரிகையைத் தட்டித் தட்டிச் சொன்னார் ஜகதீசன். கீழ் வீட்டு ஜேம்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஹைதராபாத் மாரெட்பள்ளியில் பாதித் தெருவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் அச்யுத் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காபியைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான்.

படத்தில் இருந்தது ஜெர்மன்காரர்களின் புத்தம் புதிய இரண்டு கதவு கூப்பே. பழைய மாடலில் கூரையிலிருந்து பின்பக்கம் வரை ஒரே கோடாக வழுக்கிக்கொண்டு இறங்கும். புதியதில் டிக்கி மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஊர் உலகமெல்லாம் அதைத்தான் வறுத்து எடுத்துக்கொண்டிருந்தது. டிக்கியை மாற்றச் சொல்லி இன்டர்நெட்டில் ஆறாயிரம் பேர் மனுப் போட்டிருந்தார்கள்.

அந்த டிக்கி அச்யுத் செய்தது.

கோடு போட்டது என்னவோ ஜெர்மனியில்தான். அதைத் தகட்டில் அடிக்கத் தோதாகக் கம்ப்யூட்டரில் வளைத்து, மழுக்கி, மேட்டை மேடாக்கிப் பதினோரு மாதம் மாரடித்தவன் ஹைதராபாத்தில் இவன். வெளியே மூச்சு விட்டால் வேலை காலி. பெற்றவர்களிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டில் அது ஒன்றும் புதிதில்லை. ஜகதீசன் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அங்கே என்ன செய்தார் என்று கட்டின பெண்டாட்டி ரமணிக்கே தெரியாது. ஆபீஸில் என்ன வேலை என்று கேட்பது அவர்களுக்குச் சம்பளத்தைக் கேட்பதைவிட மரியாதைக்குறைவு.

ஜேம்ஸுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அச்யுத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உங்க கம்பெனியும் ஜெர்மன் காருக்குத்தான் வேலை செய்யுதுன்னு கேள்விப்பட்டேன். இதுல உன் கை இருக்கா?"

அச்யுத்துக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தான்.

"இவனா?" ஜகதீசன் முந்திக்கொண்டார். "இந்தக் கண்றாவியை இவன் பண்ணியிருந்தா வீட்டைவிட்டே துரத்தியிருப்பேன்."

"ஹவ், ஹவ். அதுவும் சரிதான்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டு ஜேம்ஸ் மறுபடி சிரித்தார்.

அச்யுத் எழுந்து அறைக்குள் போனான். ஆறாயிரம் பேர் திட்டியதைப் பொறுத்துக்கொண்டவனுக்கு அப்பா சொன்னது சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி வைத்தான். ஹைடெக் சிட்டியில் பாங்க் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பாங்க் சாஃப்ட்வேருக்குப் பின்பக்கமே கிடையாது, யாரும் பார்த்துச் சிரிக்க முடியாது. தசரா லீவு முடிந்ததும் கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்த வாரமே சரஸ்வதி பூஜை.

"அச்யுத், குளிச்சாச்சா?" அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே ரமணி குரல் கொடுத்தாள். "பூஜைல வைக்க உன் தொழில் சாமான் ஏதாவது கொண்டுவா."

"என்கிட்ட என்னம்மா இருக்கு? எங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பென்சில்கூட வெளில வராது."

"அப்பாவும் அதான் சொன்னார். உனக்குப் பதிலா அவரே ஏதோ வச்சிருக்கார், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். பலகையில் அப்பா கணக்குப் போட்ட பழைய ஸ்லைடு ரூல் இருந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனா இருந்தது. இரண்டுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு, அந்த கூப்பே. அச்சு அசலாகப் பொம்மைக் கார்.

அச்யுத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூஜையிலயும் கிண்டலாப்பா?"

ஜகதீசன் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

"கிண்டலா? வெளிநாட்டுலேர்ந்து அது வந்து சேர்றதுக்குள்ள ஒரு மாசமா தபால்காரனைப் படுத்தி எடுத்துட்டார்டா" என்றாள் ரமணி. "ஆனா இவரும் ஒரு மனுஷர். வண்டின்னா எல்லாரும் முன்னாடிதானே பொட்டு வைப்பா? இவர் பின்னாடி வச்சிருக்கார்."

அச்யுத் குனிந்து பார்த்தான்.

முன்பக்கம் வெறுமையாக இருந்தது. டிக்கி மேட்டின் நட்டநடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்தக் கார் முழுவதிலும் அவன் செய்தது அது ஒன்றுதான்.

"அப்பா... உங்களுக்கு எப்படி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஜகதீசன், திரும்பாமல். "நீ ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. பதினோரு மாசம் தட்டுல தயிர் சாதத்தைச் சாப்பிடாம, இதே மாதிரி மேடு கட்டிண்டு உக்காந்திருந்தே. போன மாசமே பத்திரிகைல மொதப் படத்தைப் பாத்ததும், அட, நம்மாத்துத் தயிர் சாதம்னு தோணித்து. அவ்வளவுதான்."

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நன்னாயிருக்குடா. அந்த வளைவு நன்னாவே இருக்கு."

அச்யுத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஆறாயிரம் பேர் எம்மாத்திரம்? கடிதத்தை அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் பத்து டிக்கி செய்யலாம் போலிருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுண்டலுக்காக ஜேம்ஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

ஜகதீசன் பரபரவென்று எழுந்தார்.

"டேய், அந்தத் துணியை இழுத்துக் காரை மூடு. ஜேம்ஸ் வாயில விழுந்தா நாளைக்கே உன் வேலை போயிடும். பத்திரிகை எங்கே? நான் திட்ட ஆரம்பிக்கணும்."