தப்பாகப் பேச ஆளில்லை

பாளையங்கோட்டையில் எல்லார் கழுத்திலும், பேசும் ஆங்கிலத்தை அப்போதே பிழைநீக்கி ஒலிக்கும் பேச்சுத்திருத்தி ஏறிவிட்டதால், தமிழர்களின் ஆங்கிலப் பிழைகளைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதும் பூங்கோதைக்கு ஒரு பிழைகூட அகப்படவில்லை. “நீங்களாவது அதக் கழட்டிட்டுப் பேசுங்களேன்” என்று கணவன் தளவாயிடம் கெஞ்சினாள்.

இங்கிலீஷ் படிக்கிறவள் முன்னால் தப்பாகப் பேச அவனுக்கு வெட்கம். திருத்தியைச் சட்டைக்குள் ஒளித்து, அதையே பிழைவிடும்படி மாற்றி வைத்துக்கொண்டு, “பஸ் கேம், ஷீ இஸ் லேட்” என்றான்.

“எந்தத் தமிழன் பஸ்ஸப் போயி ‘ஷீ’ம்பான்? நமக்கு அது அஃறிணைல்லா. மிஷினக் கழட்டுங்க” என்று சிரித்தாள்.

தளவாய் கழற்றினான். தலையைச் சொறிந்துகொண்டே, “ஃபார் யூ ஒன்லி ஐ ஆம் ரிமூவிங்” என்றான்.

அந்த ‘ஒன்லி’க்குள் ‘உனக்காகத்தான்’ அப்படியே இருந்தது. மாதக்கணக்காகத் தேடிய பிழைதான். ஆனாலும் அதை ஆய்வேட்டில் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.