மூன்றாண்டு ஒப்பந்தம்

டெக்சாஸ் கல்லூரி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து அணியில், எறியப்படும் பந்தைப் பாய்ந்து பிடிப்பவன் எழினி. அவனைக் கணினி கொண்டு மதிப்பிட்ட தொழில்முறை அணியொன்றின் அதிகாரி அருமைநாதன், வானிலை கூறுவது போலக் கூறினார்:

"கையும் காலும் பத்து வருஷம் தாங்கும்பா. ஆனா ஒப்பந்தம் மூணு வருஷத்துக்குத்தான்."

"ஏன் சார்?"

"அம்மா ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தாத்தான் நீ பந்தைத் தவறவிடுறதில்ல. அதனால அவங்களையும் கணிச்சோம்."

தன் ஆயுளைத்தான் அளந்திருக்கிறார்கள் என்பது அருகிலிருந்த தாய் வசுந்தராவுக்கு விளங்கியது; மகனுக்கு விளங்கவில்லை. அவன் புருவத்தைச் சுருக்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உன் ஆட்டத்த அதுக்குமேல யாருடா சகிச்சுக்கிட்டு உட்காருவா? மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு. போடு கையெழுத்த!"

எழினி வாய்விட்டுச் சிரித்தபடியே கையெழுத்திட்டான்.