புழு தின்ற மழைக்காலம்

இரண்டு ஆண்டாக மழை இல்லை. தான் குடியிருந்த தேக்கு மரம் பட்டுப்போகும் என்று பயந்த மரங்கொத்தி, பொந்தில் முட்டைகளை விட்டுவிட்டு வேறு காட்டுக்குக் கிளம்பியது. வழிக்குப் பசியாற மரத்தைக் கொத்தியபோது, உள்ளே துளைத்துக்கொண்டிருந்த புழு அகப்பட்டது.

"பொறுங்கக்கா! இந்த மரம் இதைவிடப் பெரிய பஞ்சம் பார்த்திருக்கு."

"போன மாசம் பிறந்த உனக்கு எப்படித் தெரியும்?"

"மரத்துக்குள்ளே வருஷத்துக்கு ஒரு வளையம், பழசு உள்ளே, புதுசு வெளியே. மழை பெய்தா அகலம், பொய்த்தா ஒல்லி. இப்போ ஒரே கடியில் நாலு வளையம் தாண்டினேன். நாலும் பஞ்சம்."

"அப்புறம்?" என்றது மரங்கொத்தி.

"நான் வெளியிலிருந்து உள்ளே போறவன். அப்புறம் வந்ததை முன்னாடியே தின்னுட்டேன். வெளி ஓரத்துல இந்த ரெண்டு வருஷத்து ஒல்லியைத் தவிர அத்தனையும் அகலம், வயிறு வெடிக்கப் பார்த்துச்சு!"

மரங்கொத்தி புழுவைக் கொத்தாமல் அலகை மூடிக்கொண்டது. "இன்னும் உள்ளே போ. அதுக்கும் முந்தி எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது.