பல்லால் கடித்த முந்திரிக்கொட்டை

“வெசத்தையா விக்கிறீங்க?” ஜான்சியிடம் ஆன்லைனில் ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டை வாங்கிய சிதம்பரத்துக்காரர் போன மாதம் இப்படிக் கேட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டார். அன்றோடு ஆர்டர் நின்றுவிட்டது. கட்டி வைத்த பைகள் வீட்டிலேயே கிடக்கின்றன. இன்று பண்ருட்டிக்குப் போகிற வழியில், மிச்சக் கொட்டையைத் திருப்பித் தர அவரே காடாம்புலியூரில் அவள் வாசலில் நிற்கிறார். ஓட்டின் எண்ணெய் பட்டு வெந்த உதடு ஆறிக் கறுத்திருக்கிறது. “பல்லால கடிச்சீங்களாண்ணே? சுட்டு உடைக்கணும்னு பை மேலயே போட்டிருக்கே” என்கிறாள் ஜான்சி. “பாதாம் மாதிரின்னு நெனைச்சேம்மா” என்கிறார், சுவரைப் பார்த்தபடி. “காக்காகூட பழத்தத் தின்னுட்டுக் கொட்டயப் போட்டுடுமே தம்பி!” என்று அவள் அம்மா சவரியம்மாள் சிரிப்பை அடக்க மாட்டாமல் சொல்கிறாள். ஜான்சி அவர் பையிலிருந்தே இரண்டு கை அள்ளித் துளை போட்ட தகரத்தில் பரப்பி, அடியில் ஓலையைக் கொளுத்துகிறாள். ஓட்டின் எண்ணெய் சீறித் தீ குதிக்கிறது. கரும்புகை முருங்கை மரத்தில் ஏற, வாசம் தெருவையே இழுக்கிறது. சாம்பலில் கொட்டி, கல்லால் பதமாக ஒரு தட்டு. கருத்த ஓட்டுக்குள்ளிருந்து பருப்பு பொன்னிறமாக, முழுசாக வருகிறது. அவர் தயங்கி வாயில் வைக்கிறார். கண்கள் மூடிக்கொள்கின்றன. பிறகு கல்லைத் தாமே வாங்கிக்கொள்கிறார்; இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் சாம்பல். சவரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். கரி விரலால் அவர் போனில் எதையோ அழுத்த, ஜான்சியின் போன் சிணுங்குகிறது: ஐந்து நட்சத்திரம். “அண்ணே...” என்று அவள் நிமிர்வதற்குள், திருப்பித் தர வந்த பையையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய் நிறையப் பருப்போடு அவர் வண்டியேறிப் போகிறார்.