மேகமலைக்கு ஜன்னல் இருக்கை

தோழிகள் நால்வருக்காக ஜெசிந்தா வடிவமைத்த இணையதளத்தில் படங்கள் கிடையாது. போய்வந்தவளின் பயணம் பார்ப்பவளின் உடம்பிலேயே ஏறும். குளிர், பசி, கால்வலி உட்பட. எதையும் வெட்டக் கூடாது என்ற விதியையும் அவளே எழுதியிருந்தாள்.

போன வாரம் தோழி பூங்கோதையோடு பேருந்தில் மேகமலை போய்வந்தாள். சோதனைக்காகப் பூங்கோதையின் பதிவை முதலில் திறந்தாள். மலையே தெரியவில்லை. ஜன்னலை மறைத்தபடி தன்னுடைய கொண்டையும் அதில் ஒரு முழம் மல்லிகையும்தான் தெரிந்தன. மூன்றாவது வளைவில் குமட்டியது. ஏழாவது வளைவில் குளியலறைக்கு ஓடினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு பூங்கோதையைத் தொலைபேசியில் அழைத்தாள். "என்னடி, உன் வயிறு இந்தப் பாடு படுது?"

"மலை ஏறினா எனக்கு எப்பவும் அப்படித்தான்."

"ஜன்னல் சீட்டைக் கேட்டிருக்கலாம்ல?"

"உனக்கு வாந்தி வரும்னு காலேஜ் நாள்லேருந்து சொல்றியே. சரி, உன் பதிவை எப்ப போடுவ?"

ஜெசிந்தாவுக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. ஜன்னல் பிடிக்கும், அவ்வளவுதான். பதிவைப் போட்டால் அந்தப் பொய் பூங்கோதையின் வயிற்றுக்கே தெரிந்துவிடும். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் எதையும் வெட்டாமல் பதிவை ஏற்றினாள்.

"போட்டுட்டேன். பாரு," என்றாள் கடைசியில்.

பூங்கோதை அதைத் திறந்தாள்.

"தேயிலைக்கு நடுவுல ஏரி இருக்காடி? இத்தனை தடவை போயிருக்கேன், தெரியவே தெரியாது."

பூங்கோதை பதிவின் கடைசிவரை போனாள்.

"அடிப்பாவி, பதினெட்டு வளைவுலயும் உன் வயிறு தொட்டில்ல கிடக்கற மாதிரி கிடக்குதே."