சணல் தலைக்கட்டு

இவன் நகங்களை யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைக்கிறாள் வெய் அம்மாள். வேறெதுவும் தோன்றவில்லை. மாகாண ஆளுநரான அவள் கணவரை வெட்டிச் சாய்த்த தளபதி லூ, அவள் முன் மண்டியிட்டுத் தலை குனிந்திருக்கிறான். பிணப்பெட்டியின் மேல் வெயில் சாய்ந்து விழுகிறது. தந்தை இறந்தால் மகன் துக்கத்துக்குக் கட்டும் முரட்டுச் சணல் துணியை அவள் கையால் இவன் தலையில் கட்டிவிட்டால் போதும், இவனே வாரிசு. முற்றத்தில் காத்திருக்கும் பேரரசரின் தூதர் ஆளுநர் கொடியை இவனிடமே நீட்டிவிடுவார். ஏன் என்று கேட்கத் தலைநகரில் இப்போது யாருக்கும் தெம்பில்லை. "கட்டுங்க தாயே," என்கிறான். "தூதர் குடிச்சிக்கிட்டே இருக்காரு. இன்னும் ஒரு கிண்ணம் உள்ள போனா, கொடி யாருக்குன்னே மறந்துடுவாரு." வாசலில் வீரர்கள் சிரிக்கிறார்கள். அவன் குரலைத் தாழ்த்துகிறான். "இல்ல, உங்களுக்கும் ஒரு பெட்டி செய்யச் சொல்லட்டுமா?" ஊதுவத்திச் சாம்பல் உதிராமல் வளைந்து நிற்கிறது. துணியின் நார் விரலில் குத்துகிறது. அது தன் விரல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை மெல்ல மடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். "செய்யச் சொல்லுங்க தளபதி," என்கிறாள். "அவருக்குப் பிள்ளை இல்ல."